மடிப்புக்காரர் வாசித்த கடைசி அத்தியாயம்

ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் அவரை எல்லோரும் மடிப்புக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் ஒன்று இல்லாமல் இல்லை. சம்பள நாளில் மட்டும் அது எழுந்து வந்து தலையைக் காட்டும். மற்ற நாளெல்லாம் போர்த்திக்கொண்டு தூங்கும்.

வார்டுகளிலிருந்து மூட்டை மூட்டையாக இறங்கும் விரிப்புகள் கொதிநீரில் புரண்டு, பிழிபட்டு, கடைசியில் ஒரு பெரிய சூட்டு உருளைக்குள் நுழைந்து தகடு மாதிரி வெளியே வரும். அங்கே இரண்டு பேர் நிற்க வேண்டும். ஆளுக்கு இரண்டு மூலை. பிடித்து, உதறி, நடுவில் மடித்து, எதிரெதிரே நடந்து வந்து கையோடு கை சேர்த்து, மறுபடி விலகி, மறுபடி நெருங்கி. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் இதுதான் வேலை. பிள்ளை பெற்றவளின் விரிப்பும் கண்ணை மூடியவரின் விரிப்பும் அவர் கைக்கு வரும்போது ஒரே வெள்ளைதான். ஆண்டவன் முன்னால் நாமும் இப்படித்தான் போய் நிற்போம் போலிருக்கிறது என்று சில நாள் நினைத்துக்கொள்வார். பல நாள் முழங்கால் வலியைத் தவிர வேறெதையும் நினைக்கத் தோன்றாது. ஒவ்வொரு விரிப்பையும் மடித்து முடித்ததும் ஓரத்தை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டுவார். ஏன் தட்டுகிறீர்கள் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

வீட்டுக்குப் போனால் இன்னொரு வேலை காத்திருக்கும். வாசிக்க வேண்டும்.

அவருடைய மனைவி நாவல் எழுதுகிறவள். தெருவில் அவளை எழுத்தாளரம்மா என்பார்கள். வாரப் பத்திரிகையில் தொடர்கதையாக வரும், பிறகு புத்தகமாக வரும். பஸ்ஸில், கடையில், டாக்டர் வீட்டு வாசலில் காத்திருக்கும் பெண்களின் மடியில் அவள் புத்தகம் கிடப்பதை அவர் பார்த்திருக்கிறார். முதல் கதை எழுதிய நாளிலிருந்தே அவளுக்கு ஒரு வழக்கம். அன்றன்றைக்கு எழுதியதை அவர் உரக்க வாசிக்க வேண்டும். அவள் நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடிக் கேட்பாள்.

அவருக்கு வாசிக்க வரும், அவ்வளவுதான். ஏற்ற இறக்கம் தெரியாது. காதலன் காலில் விழுந்து கதறினாலும் சரி, காதலி மாடியிலிருந்து குதிக்கப் போனாலும் சரி, தலையணை உறை இத்தனை, துண்டு இத்தனை என்று வார்டுக்கு ஒப்பிக்கிற அதே குரல்தான்.

"உணர்ச்சியோட படிக்கிற ஆளுகிட்ட கொடுத்தா சாதாரண வரி கூட அழ வச்சிடும்," என்பாள் அவள். "உங்க வாயில விழுந்து ஒரு வரி எழுந்து நின்னுச்சுன்னா, அது எங்க போனாலும் நிக்கும்."

இது பாராட்டா, குத்தலா என்று அவர் ஆராய்ந்ததில்லை. கல்யாணமான ஒருவர் எல்லாவற்றையும் ஆராய்ந்துகொண்டிருக்க முடியுமா?

கொஞ்ச காலமாக அவளுக்குக் கண் மங்கி வந்தது. டாக்டர் சொட்டு மருந்து கொடுத்து, இருக்கிற பார்வையைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். தடித்த பேனாவால் பெரிய பெரிய எழுத்தாக எழுதுவாள். ஒரு தாளில் சில வரிகள்தான் அடங்கும். எழுதியதைத் திரும்பப் படிக்க அவளாலேயே முடியாது. முன்பு வழக்கமாக இருந்தது இப்போது தேவையாகிவிட்டது.

அவள் எழுதிய நாவல்களில் எல்லாம் காதல் இருக்கும். கடைசிப் பக்கத்தில் கல்யாணம் இருக்கும். அதற்கு அந்தப் பக்கம் ஒரு வரி கூட இருக்காது. கதாநாயகன் நல்ல உயரம், பாடத் தெரிந்தவன், மழையில் நனைவான், காய்ச்சலில் விழுவான். மடிப்புக்காரர் குள்ளம். மழை வந்தால் முதல் ஆளாக ஓடிப்போய்க் கூரைக்கு அடியில் நிற்பவர். எந்தக் கதையிலும் தன் நிழல் கூட விழவில்லை என்பது அவருக்கு ஒரு நிம்மதியாகவே இருந்தது. வெளியூர்க் கல்யாணத்தைப் பற்றி வாசிப்பது போல வாசித்துவிட்டு, எழுந்து போய் அடுப்பில் பாலை வைப்பார்.

போன வருஷம் பத்திரிகை ஆசிரியர் அவளிடம் சொன்னாராம்: "அம்மா, உங்க வாசகிங்களுக்கும் வயசாகுது. அவங்க காதலிச்சு முடிச்சுட்டாங்க, கல்யாணமும் ஆயிடுச்சு. அதுக்கப்புறம் என்னன்னு கேக்குறாங்க. எழுதுங்களேன்."

அவள் பல நாள் எழுதாமல் இருந்தாள். பேனாவைத் திறப்பாள், மூடுவாள். ஒருநாள் காலையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள்.

புதுக் கதையில் ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி. அவன் கிடங்கில் சரக்குக்குப் பொறுப்பாக இருப்பவன். நல்லவன். குடிக்க மாட்டான், அடிக்க மாட்டான், வேலைக்கு மட்டம் போட மாட்டான். எதைச் சொன்னாலும் "சரி" என்பான். முதல் அத்தியாயத்தை வாசிக்கும்போது, பரவாயில்லையே, இந்தத் தடவை ஒரு பொறுப்பான ஆளைப் பிடித்திருக்கிறாளே என்று அவர் சந்தோஷப்பட்டார்.

அடுத்த அத்தியாயத்தில் அந்தப் பொறுப்பான ஆள் குளித்து வந்து துண்டை மூன்றாக மடித்தான்.

அதற்கடுத்த அத்தியாயத்தில், மூடி உடைந்த கெண்டி ஒன்று வந்தது. இதே வீட்டு அடுப்படியில், இதே கெண்டியில், கொதிக்கும்போது ஒரு கரண்டியைக் குறுக்கே வைத்து அவர்தான் மூடுவார். கதையில் அவன் மூடினான்.

பிறகு அந்த வரிகள் வந்தன. "விளக்கை அணைக்கும் முன் அவன் ஒரு தடவை இருமுவான். சளியும் இல்லை, ஒன்றும் இல்லை. கதவைத் தாழிட்டு இழுத்துப் பார்ப்பது போல ஓர் இருமல். இத்தனை வருஷமும் அந்த இருமலுக்காகக் காத்திருந்து காத்திருந்தே அவளுக்குத் தூக்கம் போய்விட்டது."

மடிப்புக்காரர் இதைக் கண்ணால் படித்தார். வாய் திறக்கவில்லை. தாளைப் புரட்டி, அடுத்த பத்தியிலிருந்து அதே குரலில் தொடர்ந்தார். அவள் கண்ணைத் திறக்காமல் "ம்," என்றாள்.

அன்று படுக்கப் போகும்போது விளக்கடியில் நின்றார். தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டு அணைத்தார். பாவம், தொண்டைக்கு என்ன தெரியும்? அது தன் பாட்டுக்கு வருஷக்கணக்கில் செய்துவந்த காரியம். இருட்டில் படுத்துக்கொண்டு, தும்மல் வந்து வராமல் போனவனைப் போல நெளிந்துகொண்டிருந்தார். மறுநாளும் விழுங்கினார். அதற்கு மறுநாளும்.

வாயில் விழுங்கினால் தாளில் இருப்பது அழிந்துவிடுமா? அது அவருக்கு உறைக்கவே இல்லை. பத்திரிகை ஆபீஸிலிருந்து ஆள் வந்து தாள்களை வாங்கிப் போனார். அந்த வாரம் இருமலும் அச்சில் வந்துவிட்டது.

அந்தப் பேச்சு மூட்டையை முதலில் பிரித்தது, அவரோடு எதிர் மூலை பிடிக்கும் பெண். அவளுக்கு வானொலி என்று பெயர் வைத்திருந்தார்கள். நிறுத்தும் பொத்தான் மட்டும் அவளிடம் கிடையாது.

"அண்ணா, இந்த வாரம் பிரமாதம்ணா," என்றாள் விரிப்பை உதறிக்கொண்டே. "அண்ணி எப்படித்தான் யோசிக்கிறாங்களோ. ஒரு மனுஷன் இருமுறத வச்சே அவன வெறுக்க வச்சிட்டாங்களே!"

"மூலைய நல்லா பிடிம்மா."

"பிடிச்சுத்தான் இருக்கேன். இல்ல, தெரியாமத்தான் கேக்குறேன், பொண்டாட்டி ஆசை ஆசையா தலைமுடிய வெட்டிக்கிட்டு வந்து நிக்குறா. அந்த மரக்கட்டை என்ன சொல்லுது? 'சரி'ங்குது! சரியாம் சரி. அதுக்கு அவ ஒரு சுவத்த கட்டிக்கிட்டிருக்கலாம். சுவரா இருந்தா எதிரொலியாவது வரும்."

"சரி, நட," என்றார் அவர்.

"பாத்தீங்களா! நீங்களும் சரிங்குறீங்க!" என்று அவள் சிரித்த சிரிப்பில், அந்தப் பக்கம் துணி பிழிகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "அவ போயிடணும்ணா. பெட்டிய தூக்கிக்கிட்டு போய்க்கிட்டே இருக்கணும். சொல்லுங்கண்ணா, போயிடுவாதானே? உங்களுக்குத்தான் முன்னாடியே தெரியுமே."

"எனக்கு ஒண்ணும் தெரியாது."

அது உண்மைதான். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் போவாளா, எந்த அவள் போவாள் என்று அவருக்குத் தெரியவில்லை.

கையோடு கை சேர்த்து, கடைசி மடிப்பை மடித்து, ஓரத்தை இரண்டு தட்டு தட்டினார்.

வானொலியின் வாய் நின்றுவிட்டது. அவர் கையையே பார்த்தாள். கதையில் வரும் புருஷன் துண்டை மடித்துவிட்டு ஓரத்தை இரண்டு தட்டுத் தட்டுவான். அதுவும் அந்த வாரம்தான் வந்திருந்தது. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவசரமாக அடுத்த விரிப்பின் மூலைகளைத் தேடினாள். அன்று சாயங்காலம் வரைக்கும் அவள் பேசவில்லை. "வானொலிக்கு என்ன, கரண்டு போச்சா?" என்று துணி பிழிகிறவர்கள் கேட்டுப் பார்த்தார்கள். அவள் அதற்கும் பேசவில்லை. அந்த மௌனத்தை அவரால் தாங்க முடியவில்லை. பேசித் தொலைக்கலாம், இரக்கப்படாமல் இருக்கலாம்.

அந்த வாரக் கடைசியில் மகள் போன் செய்தாள். கட்டிக்கொடுத்து வேறு ஊரில் இருப்பவள்.

"அப்பா, கதை படிச்சேன். வீட்ல எல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. அம்மாகிட்ட கொடுக்கவா?"

"வேணாம், வேணாம். அந்த ஆளு துண்ட மூணா மடிக்கிறாருப்பா."

"யாரு வேணா மடிக்கலாம்."

"அவ போயிடுவாளாப்பா?"

"கதைதானேம்மா."

"நான் கதையத்தான் கேட்டேன்," என்றாள் மகள். மாப்பிள்ளைக்கு வேலை எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டார். நன்றாக இருக்கிறது என்றாள்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது, அலமாரிக்கு மேலே இருந்த பழைய பெட்டி கட்டிலில் கிடந்தது. தூசி துடைத்திருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. அதை அவர் திறந்து பார்த்தார் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் பார்த்தார். மனைவி அடுப்படியில் இருந்தாள். பெட்டி ஏன் இறங்கியது என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். அவள் குளிக்கப் போனபோது அதைத் தூக்கி மறுபடி மேலே வைத்தார். மறுநாள் அது கட்டிலில் கிடந்தது.

அன்றிரவு படுக்கையில் உட்கார்ந்து வழக்கமான வேண்டுதலை ஆரம்பித்தார். மகள், மாப்பிள்ளை, மனைவியின் கண், முழங்கால் என்று வரிசையாக வரும். அந்த வரிசையில் இதை எங்கே சேர்ப்பது என்று தெரியவில்லை. ஆண்டவனே, இந்தக் கதையில் வருகிற பெண் வீட்டை விட்டுப் போகாமல் இருக்க வேண்டும் என்று எப்படிக் கேட்பது? அவனுக்கும் அவள் கதைகள் தெரிந்திருக்குமோ என்னவோ. ஒன்றும் கேட்காமல் விளக்கை அணைத்தார். இருமலை விழுங்கினார்.

கடைசி அத்தியாயம் எழுதி முடிந்தது. மறுநாள் ஆபீஸிலிருந்து ஆள் வருவார். அவர் வேலையிலிருந்து வந்து, கை கால் கழுவி, தேநீரைக் குடித்துவிட்டு மேஜை முன்னால் உட்கார்ந்தார். ஜன்னலில் இன்னும் வெயில் இருந்தது. தோள்பட்டை இரண்டும் கழன்று விழுவது போல வலித்தது. அன்று பிரசவ வார்டிலிருந்து மட்டும் மலை மாதிரி மூட்டை. அவள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள். "ம்," என்றாள்.

வாசித்தார். கதையில் பெண்டாட்டி காலையில் எழுந்தாள். கெண்டியை ஏற்றினாள். கரண்டியைக் குறுக்கே வைக்காமல் விட்டாள். நீர் பொங்கி அடுப்பை அணைத்தது. பெட்டியை எடுத்தாள். தாள்கள் குறைந்துகொண்டே வந்தன. கடைசித் தாள் கைக்கு வந்தது.

அதில் பெரிய எழுத்தில் இருந்தது: "அவள் வெளியே வந்து கதவைச் சாத்தினாள். உள்ளே அவன் துண்டை மடித்துக்கொண்டிருந்தான். ஓரத்தைத் தட்டும் சத்தம் இரண்டு முறை கேட்டது. பெட்டியின் கைப்பிடி கிறீச்சிட்டது. அவள் படியிறங்கினாள்."

மடிப்புக்காரர் தாளைப் பார்த்தார். வாசிக்க வேண்டிய நேரம் கடந்துகொண்டிருந்தது. அதே குரலில் வாசித்தார்:

"அவள் கதவைச் சாத்தினாள். உள்பக்கமாகச் சாத்தினாள். பெட்டியைக் கீழே வைத்தாள். சரி, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று... நினைத்தாள். முற்றும்."

நாற்காலியில் அசைவில்லை. வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"உள்பக்கமாவா?" என்றாள் அவள்.

"உள்பக்கமாத்தான்."

"நான் அப்படி எழுதலையே."

"எழுத்து சரியா தெரியல. கண்ணாடிய மாத்தணும்."

"எழுதுனவளுக்குத் தெரியாதாங்க எழுதுனது?" அவள் கண்ணைத் திறக்கவில்லை. கோபமும் இல்லை. நடந்து களைத்தவள் பேசுவது போலப் பேசினாள். "இருமல் வந்த எடத்தையும் இப்படித்தான் முழுங்குனீங்க. அன்னிலேருந்து ராத்திரியும் முழுங்குறீங்க. கேட்டுக்கிட்டுத்தான் படுத்திருக்கேன்."

அவர் தாளை மேஜையில் வைத்தார். ஓரங்களைச் சேர்த்து நேராக்கினார். தட்டப் போன கையை இழுத்துக்கொண்டார். பிறகு, கேட்கவே கூடாது என்று இத்தனை நாள் வைத்திருந்ததைக் கேட்டார்.

"நீ போயிடுவியாம்மா?"

அவள் கண்ணைத் திறந்தாள். பார்வை அவர் முகத்துக்குப் பக்கத்தில் எங்கேயோ போய் நின்றது.

"பெட்டிய பாத்தீங்களா?"

"மேல தூக்கி வச்சேன்."

"அதானே பாத்தேன், யாருடா தூக்கி வச்சதுன்னு. தூக்கினா கைப்பிடி என்ன சத்தம் போடும்னு கேக்கத்தான் எறக்குனேன். கேட்டு எழுதுறதுக்குள்ள மறந்து போச்சு. மறுபடியும் நாற்காலி போட்டு ஏறி எறக்க வேண்டியதாப் போச்சு. கண்ணு தெரியாதவள இப்படியா அலைய விடுவீங்க?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "சொல்லு," என்றார்.

அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஒரு தடவ கெளம்பியிருக்கேன்," என்றாள் பிறகு. "நம்ம பொண்ணு ஸ்கூல் போயிருந்தா. உங்களுக்கு லீவு. சண்டை எல்லாம் ஒண்ணும் இல்ல. சண்டை இருந்தா இருந்திருப்பேன். செருப்ப மாட்டிக்கிட்டேன். நீங்க இதோ இங்கதான் நின்னு துண்டு மடிச்சுக்கிட்டு இருந்தீங்க. தலைய தூக்காமயே சொன்னீங்க, 'வெளிய போறியா, வரும்போது ஒரு தீப்பெட்டி வாங்கிட்டு வா'ன்னு."

"தீப்பெட்டியா?"

"தீப்பெட்டி."

"வாங்கிட்டு வந்தியா?"

"வந்ததாலதானே உக்காந்து பேசிக்கிட்டு இருக்கேன்!" என்றாள் அவள். "கடை வரைக்கும் அழுதுக்கிட்டே போனேன். தீப்பெட்டி கையில வந்ததும் அத வச்சுக்கிட்டு வேற எங்க போறதுன்னு தெரியல. அடுப்பு ஏத்தாம நீங்க நிப்பீங்கன்னு தோணுச்சு. வந்துட்டேன்."

அவர் யோசித்துப் பார்த்தார். எவ்வளவு யோசித்தும் அந்த நாள் வரவில்லை. அவர் வாழ்க்கையில் எத்தனையோ தீப்பெட்டிகள்.

"எனக்கு நெனப்பே இல்லம்மா."

"இருக்காது. நான் போறேன்னு தெரிஞ்சிருந்தா கேட்டிருக்க மாட்டீங்க."

"அப்ப கதையிலயும் அவன ஒரு தீப்பெட்டி கேக்க சொல்லேன்," என்றார் அவர், குழந்தை மாதிரி. "ஒரு வரிதானே. நான் சொல்றேன், நீ எழுது."

அவள் தலையை ஆட்டினாள். "அது எனக்கு நடந்துச்சுங்க. அவளுக்கு நடக்கல. அவகிட்ட யாரும் ஒண்ணும் கேக்கல. கேக்காததாலதான் போறா. இத்தன வருஷம் ஊருல உள்ள பொண்ணுங்களையெல்லாம் காதலிக்க வச்சு, கல்யாணம் பண்ணி வச்சு, கதவ சாத்திட்டு வந்துட்டேன். உள்ள என்ன நடக்கும்னு எழுத சொன்னா, எனக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு வீடுதான். அந்த வீட்டு கெண்டியத்தான் எடுக்க முடியும். அந்த வீட்டு மனுஷனத்தான் எடுக்க முடியும். கேட்டு எடுத்திருக்கணும். கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"சரின்னு சொல்லியிருப்பேன்."

"அதுக்குத்தான் கேக்கல."

அவர் ஒன்றைக் கேட்க வாயெடுத்து, நிறுத்தி, மறுபடி எடுத்தார். "இப்ப இருக்கியே, அது கண்ணு தெரியாததாலதானா?"

"அதாலயும்தான்," என்றாள். அவர் முகம் வாடுவதை அவள் பார்த்திருக்க முடியாது, ஆனாலும் உடனே சேர்த்துக்கொண்டாள்: "பொண்ணாலயும்தான், பழக்கத்தாலயும்தான், நீங்க வாசிக்கிறதாலயும்தான். ஒரே காரணத்துக்காக இருக்கறதெல்லாம் நான் எழுதுன கதையில. வீட்ல ஒரு காரணம் தேஞ்சு போனா இன்னொண்ணு வந்து தாங்கிக்குது. நீங்க நெனச்சதே இல்லையா, போகணும்னு?"

"எனக்கு எங்க நேரம்," என்றார். பிறகு அது பொய் என்று அவருக்கே பட்டது. "ஒரு நாள் பஸ்ல தூங்கிட்டேன். எறங்க வேண்டிய எடம் தாண்டி கடைசி வரைக்கும் போயிட்டேன். எறங்குனா ஒரு பெஞ்சு இருந்துச்சு. உக்காந்தேன். நல்ல காத்து. எழுந்திரிக்கவே மனசு வரல. இப்படியே உக்காந்துட்டா என்னன்னு தோணுச்சு. யாரும் என்னை ஒண்ணும் கேக்காத எடம்."

"அப்புறம் ஏன் வந்தீங்க?"

"அன்னிக்கு வாசிக்க வேண்டியது பாக்கி இருந்துச்சு."

சிரிக்கிறாளா என்று பார்த்தார், இல்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். வெயில் சுவரை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது.

"இருக்கறத இருக்கறபடி படிங்க," என்றாள் கடைசியில். "நாளைக்கு ஆள் வந்துடுவாரு. நிக்குதா விழுதான்னு எனக்குத் தெரியணும்."

அவர் தாளைக் கையில் எடுத்தார். அவள் வெளியே வந்து கதவைச் சாத்தினாள். உள்ளே அவன் துண்டை மடித்துக்கொண்டிருந்தான். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. தலையணை உறை இத்தனை, துண்டு இத்தனை. ஓரத்தைத் தட்டும் சத்தம் இரண்டு முறை கேட்டது. அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் மூச்சு வாங்கியது, வயசாகிறதில்லையா. பெட்டியின் கைப்பிடி கிறீச்சிட்டது. அவள் படியிறங்கினாள்.

"நிக்குது," என்றாள் அவள்.

"நிக்குது," என்றார் அவரும். அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நின்றது. இத்தனை வருஷம் வாசித்தவருக்கு அது தெரியாமல் போகுமா? அந்தப் பெண் போய்விட்டாள். இனி ஆயிரம் தீப்பெட்டி கேட்டாலும் திரும்பி வரமாட்டாள். அவர் எழுந்து போய்ப் பாலை வைத்தார். கெண்டிக்குக் குறுக்கே கரண்டியை வைத்தார்.

கடைசி அத்தியாயம் அச்சில் வந்த மறுநாள், வானொலி கண்ணெல்லாம் வீங்கி வேலைக்கு வந்தாள். நாள் முழுக்க அவரைப் பார்க்காமலேயே மூலையைப் பிடித்தாள். கடைசி மூட்டைக்கு வந்தபோதுதான் வாயைத் திறந்தாள்.

"போயிட்டாளேண்ணா."

"நீதானே போகணும்னு சொன்ன?"

"சொன்னேன். யாரு நெஜமாவே போவான்னு நெனச்சா? நேத்து பூரா அந்த ஆளையே நெனச்சுக்கிட்டு இருந்தேன். மடிச்சு முடிச்சு தலைய தூக்குவான், வீட்ல யாரும் இருக்க மாட்டாங்க." மூக்கை உறிஞ்சினாள். "அண்ணி... வீட்லதானே இருக்காங்க?"

"பின்ன எங்க போவா? சாயங்காலம் நான் போயி வாசிக்கணும். புதுசா ஏதோ எழுதுறா."

"என்ன கதைண்ணா?"

"தெரியல. கெண்டி மட்டும் வராம இருந்தா சரி."

அவள் அழுகையோடு சிரித்துவிட்டாள். நெருங்கி வந்து மூலைகளை அவர் கையில் கொடுத்தாள். அவர் மடித்து, ஓரத்தில் கையை வைத்து, ஒரு கணம் நின்று, இரண்டு தட்டு தட்டினார். அவள் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இந்தத் தடவை அந்த மௌனம் அவ்வளவு கனமாக இல்லை.

அன்று வீட்டில் சீக்கிரமே படுத்துவிட்டார்கள். விடியும் முன்னால் அவர் கிளம்ப வேண்டும். சொட்டு மருந்து விட்டுக்கொண்டு அவள் மல்லாந்து படுத்திருந்தாள். அவர் வேண்டுதலை முடித்தார். மகள், மாப்பிள்ளை, கண், முழங்கால். விளக்கடியில் போய் நின்றார். தொண்டைக்குள் அது வந்து நின்றது. பழக்கப்படி விழுங்கப் போனார்.

"இருமுங்க," என்றாள் அவள் கட்டிலிலிருந்து. "இவ்வளவு நாளா தூங்காம கெடக்கேன்."

இருமிவிட்டு விளக்கை அணைத்தார்.